தனித்தாளில் தொடங்கிய புத்தகம்: ஃபிராங்க்ளின் பார்க்கின் ஏழு தாய்மார்

என் மகளுக்கு ஒன்றரை வயது இருந்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இளம் தாய்மார்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினோம். எட்டுப் பக்கம். தலையங்கம், மருத்துவர் பேட்டி, சமையல் குறிப்பு, கேள்வி-பதில் என்று எல்லாம் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வெளிவரும் என்று அட்டையிலேயே போட்டிருந்தோம். மூன்று இதழ்கள் வந்தன. நான்காவது இதழின் மெய்ப்பு, பாதி திருத்திய நிலையில், இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு இரண்டாவது பேறுகாலம் வந்துவிட்டது. ஒருவர் பிள்ளைக்கு விடாத சளி. மற்ற இருவருக்கும் தூக்கமே இல்லை. "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். அது சரியான யோசனை என்றே நாங்களும் நினைத்தோம்.

பிறகுதான் அமெரிக்காவின் லா லெச்சே லீக் தொடங்கிய கதையைத் தேடிப் படித்தேன். தாய்ப்பால் கொடுப்பதற்கு வழிகாட்டும் அமைப்பு என்ற அளவில் அதன் பெயரை முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அதன் முதல் ஏழு ஆண்டுகளைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. கைப்பிள்ளையும் கருவுமாக இருந்த ஏழு பெண்கள், அலுவலகமோ சம்பளமோ இல்லாமல், ஒரு செய்திமடலையும் ஒரு புத்தகத்தையும் உருவாக்கிய கதை அது. பிள்ளைகள் வளரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். எங்களால் ஏன் முடியவில்லை, அவர்களால் எப்படி முடிந்தது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு.

முதலில், அந்தக் காலத்தில் குழந்தை வளர்ப்புக்கு இதழ் இல்லாமல் இல்லை. 1926 அக்டோபரில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹெக்ட் என்பவர் பெற்றோருக்கான இதழ் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்குத் திருமணம்கூட ஆகவில்லை. ஆசிரியராக அவர் அமர்த்திய கிளாரா சாவேஜ் லிட்டில்டேல், அனுபவப்பட்ட பத்திரிகையாளர், முதல் உலகப் போர்க்களத்துக்குப் போய்ச் செய்தி எழுதியவர், சின்னப் பிள்ளைக்குத் தாய். 'பேரன்ட்ஸ்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த இதழை அவர் சாகும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தினார். அதன் தொடக்கத்துக்கு ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணம் உதவியது. பல்கலைக்கழகங்கள் பின்னால் நின்றன. சம்பளமும் அலுவலகமும் இருந்தன. கிளாராவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைப்பு அறிஞர்களிடமிருந்து தாய்க்கு இறங்கிவரும் அமைப்பு. எங்கள் எட்டுப் பக்க இதழும் அதன் சின்ன நகலாகத்தான் இருந்தது, பணம் மட்டும் இல்லை.

கிளாரா 1956 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டுக் கோடையில், சிகாகோவுக்கு மேற்கே எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பூங்காவில், கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டாஞ்சோறு மாதிரி ஒரு நாள் கூடினார்கள். மேரி ஒயிட், மேரியன் டாம்ப்சன் என்ற இரண்டு பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து தங்கள் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அருகில் வந்தார்கள். நானும் கொடுக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை, உங்களால் மட்டும் எப்படி முடிகிறது என்று கேட்டார்கள்.

இதில் என்ன வியப்பு என்று நம் ஊர் வாசகருக்குத் தோன்றலாம். 1956-இல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான் தாய்ப்பால் தொடங்கப்பட்டது. பிரசவத்தின்போது தாயை மயக்கத்தில் ஆழ்த்துவது வழக்கம். பிறந்த குழந்தையைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துத் தாயிடம் கொண்டுவருவார்கள். இடையில் அழுதால் புட்டி. வீடு திரும்பிய பிறகு, சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைத்த பாலும் தண்ணீரும் சோளப்பாகும் கலந்து கொடுக்கும் முறையை மருத்துவரே எழுதித் தருவார்.

பால் சுரப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதில் எங்கே கோளாறு என்று உடனே விளங்கும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாயின் உடலில் புரோலாக்டின் என்ற சுரப்புநீர் பாலை உண்டாக்கும். ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளும். மார்பு காலியாவதுதான் அடுத்த பால் ஊறுவதற்கான கட்டளை. நான்கு மணி நேரம் காக்கவைத்து, நடுவில் புட்டியால் வயிற்றை நிரப்பினால் சுரப்பு தானாகவே குறையும். குறைந்ததும் "எனக்குப் பால் போதவில்லை" என்று தாய் நம்புவாள். மருத்துவரும் அதையே சொல்வார். தன் உடம்பில்தான் குறை என்ற எண்ணத்தோடு அவள் புட்டிக்கு மாறுவாள். அவளுடைய தாயும் புட்டியில் வளர்த்தவளாக இருந்தால், கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒரு முழுத் தலைமுறையில் கைமாறி வந்த அறிவு அறுந்துபோயிருந்தது.

எட்வினா ஃப்ரோலிக்குக்கு 1950-இல் முதல் பிள்ளை பிறந்தபோது வயது முப்பதுகளின் நடுவில் இருந்தது. இந்த வயதில் பால் கொடுக்க முடியாது என்று அவரிடம் சொன்னார்கள். அவர் கொடுத்தார். மூன்று மகன்களுக்கும் கொடுத்தார். இப்படி எதிர்நீச்சல் போட்டு வென்றவர்கள் அங்கங்கே இருந்தார்கள். அவர்களை ஓரிடத்தில் சேர்த்ததுதான் மேரியும் மேரியனும் செய்த முதல் வேலை. மேரியின் கணவர் கிரிகரி ஒயிட் அந்தப் பகுதியின் குடும்ப மருத்துவர், வீட்டுப் பிரசவங்கள் பார்த்தவர், தாய்ப்பாலை ஆதரித்த அபூர்வமான சிலரில் ஒருவர். எட்வினா, வயோலா லென்னன், மேரி ஆன் காஹில், பெட்டி வாக்னர், மேரியின் தம்பி மனைவி மேரி ஆன் கெர்வின் ஆகியோரோடு சேர்த்து ஏழு பேர். 1956 அக்டோபரில் ஃபிராங்க்ளின் பார்க் என்ற ஊரில், மேரி ஒயிட் வீட்டுக் கூடத்தில் முதல் கூட்டம் நடந்தது.

இந்த ஏழு பேருக்கும் மொத்தம் பிறந்த பிள்ளைகளைக் கூட்டினால் ஐம்பதைத் தாண்டும். மேரிக்குப் பதினொன்று, வயோலாவுக்குப் பத்து, மேரியனுக்கும் பெட்டிக்கும் ஏழேழு. இந்தக் கணக்கை ஒரு வியப்புச் செய்தியாகச் சொல்லவில்லை. வேலைத் திட்டம் என்ற கண்ணோடு பாருங்கள். எந்த மாதத்தை எடுத்தாலும் ஏழு பேரில் யாராவது ஒருவர் நிறைமாதமாக இருந்திருப்பார், அல்லது பிள்ளை பெற்றுப் படுத்திருப்பார். மீதிப் பேரில் ஒருவர் வீட்டில் அம்மையோ காய்ச்சலோ இருந்திருக்கும். இப்படிப்பட்ட கூட்டம் ஒன்று தேதி போட்டு இதழ் நடத்த முடியுமா? எங்கள் அனுபவப்படி முடியாது. அவர்களும் அப்படித் தொடங்கவில்லை.

கேள்வி வீட்டுக்கு வந்தது

அவர்கள் எழுத உட்காரும் முன்பே கேள்விகள் வந்தன. கூட்டத்துக்கு வந்த பெண்கள் அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் தங்கள் தங்கைக்கும் தோழிக்கும் சொன்னார்கள். தூரத்து ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. மார்புக் காம்பு வெடித்துவிட்டது, பால் கட்டிக்கொண்டது, குழந்தை இரவெல்லாம் விழிக்கிறது, மாமியார் திட்டுகிறார், மருத்துவர் நிறுத்தச் சொல்கிறார். ஏழு பேரும் அவரவர் வீட்டிலிருந்து பதில் எழுதினார்கள்.

பதில் எழுத எழுத ஒன்று புரிந்திருக்கும்: வெவ்வேறு ஊர்ப் பெண்கள் கேட்டாலும் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படியானால் பதிலை ஒருமுறை நன்றாக எழுதி வைத்துக்கொள்ளலாம். 1958-இல் அந்தப் பதில்கள் தனித்தாள்களாகத் திரண்டு, ஒரு கோப்புறையில் வைத்து அனுப்பும் கையேடாயின. கட்டடம் செய்த புத்தகம் இல்லை, ஃபைலில் கோத்த தாள்கள். 'தி வுமன்லி ஆர்ட் ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். தனித்தாள் என்பது ஏழைமையால் வந்த வடிவம் என்று முதலில் தோன்றியது. ஆனால் வீட்டு வேலைக்கு நடுவே எழுதுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஒரு தாளுக்கு ஒரு விஷயம். குழந்தை தூங்கும் முக்கால் மணி நேரத்தில் ஒரு தாளை முடிக்கலாம். முடியாவிட்டால் அந்த ஒரு தாள் மட்டும்தான் நிற்கும், மற்றவை நிற்காது. தவறு இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இன்னொருவர் எழுதிய தாளோடு அப்படியே சேர்க்கலாம். நாங்கள் எட்டுப் பக்கத்தை ஒரே பொட்டலமாகக் கட்டினோம். அதில் ஒரு பக்கம் தாமதமானால் எட்டும் தாமதமாயின.

படிக்கிறவளுக்கும் அதுவே வசதி. பால் கட்டி வலியில் துடிப்பவள் நூறு பக்கம் படிக்கமாட்டாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஒரு தாள். எழுதியவளும் படித்தவளும் ஒரே நிலையில் இருந்ததால் தாளின் அளவு தானாகவே சரியாக அமைந்தது.

கூட்டங்களையும் இதே முறையில் துண்டு துண்டாக வைத்திருந்தார்கள். தாய்ப்பாலின் நன்மை, குழந்தை வரும்போது குடும்பம், கொடுக்கும் முறையும் சிக்கல்களும், சத்துணவும் பால் மறக்கடிப்பதும் என்று தலைப்புகள் வரிசையாகச் சுற்றி வரும். முதல் கூட்டத்தைத் தவறவிட்டவள் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். இதை நடத்துகிறவளுக்கும் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தயாரிக்கும் சுமை இல்லை.

பெயரும் செய்திமடலும்

பெயர் வைத்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். அன்றைய செய்தித்தாள்களில் மார்பு என்ற சொல்லை அச்சிடத் தயங்குவார்கள். கூட்டம் நடக்கும் அறிவிப்பைக்கூட நேரடியாகப் போட முடியாது. ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் பால் கொடுக்கும் மாதாவுக்கு ஒரு திருத்தலம் உண்டு. நுவெஸ்த்ரா செனோரா தெ லா லெச்சே என்பது அந்த ஸ்பானியப் பெயர். 'லெச்சே' என்றால் பால். அதையே எடுத்துக்கொண்டார்கள். வெளியே யாருக்கும் பொருள் புரியாத பெயர், உள்ளே இருந்தவர்களுக்கு வேண்டுதல் போன்ற பெயர். ஆனால் தங்கள் கையேட்டின் தலைப்பில் அந்தச் சொல்லை அவர்கள் மறைக்கவில்லை. வெளியுலகம் தயங்கிய சொல்லைத் தங்கள் தாளில் துணிந்து போட்டார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

1957-இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீடை அழைத்து ஒரு சொற்பொழிவு வைத்தார்கள். மயக்கமருந்து இல்லாத இயல்பான பிரசவத்தை வலியுறுத்தியவர் அவர். ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். ஒரு வீட்டுக் கூடத்துக் கூட்டம் அடுத்த ஆண்டே இப்படி அரங்கை நிறைத்தது, எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டியது.

1958 மே மாதம் செய்திமடலின் முதல் இதழ் வந்தது. மேரியன் டாம்ப்சன் ஆசிரியர். இதில் கவனிக்க வேண்டியது உள்ளடக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான். தாய்மார்கள் எழுதிய கடிதங்களும் அனுபவங்களுமே அதன் உயிர். எனக்கு இப்படி ஆனது, இப்படிச் சமாளித்தேன், இப்போது பிள்ளைக்கு ஏழு மாதம் என்கிற மாதிரியான எழுத்து. ஒயிட், ரேட்னர் ஆகிய மருத்துவர்கள் ஆலோசகர்களாகப் பின்னால் நின்றார்கள். முன்னால் நின்று பேசியது தாய். கட்டுரை கேட்டு யாரிடமும் ஓட வேண்டியதில்லை. படிப்பவளே எழுதுபவள். நாங்களோ ஒரு பேட்டிக்காக ஒரே மருத்துவரின் வாசலில் மூன்று மாலை காத்திருந்தோம், கைப்பிள்ளையோடு. அந்த மூன்று மாலையில் எங்கள் தெருவில் இருந்த பத்துத் தாய்மாரிடம் பேசியிருக்கலாம்.

ஆனால் அனுபவத்தை மட்டும் நம்பி எழுதும்போது ஓர் ஆபத்தும் இருக்கிறது. எனக்குச் சரியானது உனக்கும் சரி என்று எழுதிவிடுவோம். மருத்துவர்கள் பின்னால் இருந்தது அதற்குத்தான். ஒவ்வொரு வரியையும் தாய் எழுத வேண்டும், ஆனால் தவறு இருந்தால் பிடிக்க ஒருவர் வேண்டும். இந்தப் பங்கீடு இல்லாத பெற்றோர் இதழ்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒன்று அவை மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும், இல்லையென்றால் கைவைத்தியம் என்ற பெயரில் கண்டதையும் சொல்லும்.

புத்தகம் ஆனது

ஐந்து ஆண்டுகள் அந்தத் தனித்தாள்கள் ஆயிரக்கணக்கில் போயின. அந்த ஐந்து ஆண்டுகளில் வந்த கடிதங்கள், கேள்விகள், திருத்தங்கள் எல்லாம் சேர்ந்துதான் 1963-இல் முழுப் புத்தகமாக விரிந்தது. இதே ஆண்டு மே மாதம் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் இந்த அமைப்பைப் பற்றிக் கேரன் பிரையர் எழுதிய கட்டுரை வெளிவந்து, நாடு முழுவதிலிருந்தும் கடிதங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அந்த ஆண்டே புத்தகமும் கையில் இருந்தது. 1961-இல் 43 ஆக இருந்த குழுக்கள் 1966-இல் 430 ஆயின. 1976-இல் 3,000-ஐ நெருங்கின. வெளிநாடுகளிலும் குழுக்கள் தோன்ற, 1964-இல் பெயரோடு 'இன்டர்நேஷனல்' சேர்ந்தது. அதே ஆண்டு சிகாகோவில் முதல் மாநாடு. தாய்மார் குழந்தைகளோடு வந்தார்கள்.

அமெரிக்காவில் தாய்ப்பால் தொடங்கும் தாய்மாரின் பங்கு 1971-இல் நான்கில் ஒன்றாக இருந்து 1982-இல் 60 விழுக்காட்டைத் தாண்டியது. முழுப் பெருமையும் இந்த ஏழு பேருக்கு என்று சொல்லமாட்டேன். அந்தப் பத்தாண்டில் பெண்கள் இயக்கமும், இயல்பான வாழ்வைத் தேடிய இளைஞர் அலையும், மருத்துவ ஆய்வுகளும் சேர்ந்தே வந்தன. ஆனால் கொடுக்க விரும்பிய பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவள் மொழியில் சொன்ன தாள்கள் பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தன.

கொடுத்த விலை

இங்கே நிறுத்திவிட்டால் இது பாராட்டு உரையாகிவிடும். அவர்களை நேசிப்பதால்தான் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழு பேருக்கும் சம்பாதிக்கும் கணவர்கள் இருந்தார்கள். வாடகையும் மளிகையும் அந்த வருமானத்தில் ஓடின. சம்பளமில்லாத உழைப்பு அதனால்தான் சாத்தியமானது. அப்படி ஒரு தாங்கல் இல்லாத தாய் இந்த மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொலைபேசி எந்த நேரமும் அடித்தது. வீடே அலுவலகம் என்றால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அலுவலகத்தில் இருப்பதாகத்தான் பொருள். சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே அழைக்கிறாள், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுகிறாள். பெரிய பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் அவர்கள் எழுதியதிலேயே இருந்தது. தாயும் சேயும் பிரியக்கூடாது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. அதிலிருந்து, குழந்தை சிறியதாக இருக்கும்போது தாய் வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்ற அறிவுரையும் கையேட்டில் நெடுங்காலம் இருந்தது. வேலைக்குப் போகும் தாய் குழுவின் தலைவியாகலாமா என்ற கேள்வி பின்னாளில் அமைப்புக்குள் பெரிய பிளவையே உண்டாக்கியது. வரலாற்றாசிரியர் லின் வைனர் 1994-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த முரண்பாட்டை விரிவாகப் பேசுகிறது. மருத்துவத் துறையின் அதிகாரத்தைத் தாயின் கைக்கு மாற்றிய அதே அமைப்பு, அந்தத் தாயை வீட்டிலேயே நிறுத்தவும் பார்த்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த ஏழு பேரும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். செய்திமடல் நடத்துவது வேலை. நூற்றுக்கணக்கான கடிதங்களுக்குப் பதில் போடுவது வேலை. கணக்கு எழுதுவது, அச்சகத்துக்குப் போவது, ஆயிரம் பேர் கூடும் சொற்பொழிவு நடத்துவது, எல்லாமே வேலை. சம்பளம் இல்லாததால் அதை அவர்கள் வேலை என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால், தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்துகொண்டே பால் கொடுக்க நினைத்த பெண்ணுக்கும் ஒரு தாள் அந்தக் கோப்புறையில் முதலிலேயே இருந்திருக்கும். அவள் கடிதமும் வந்திருக்கும் அல்லவா. அவளுக்கு வழி சொல்லும் பக்கங்கள் பிந்தைய பதிப்புகளில்தான் வந்தன. யார் வீட்டுக் கூடத்தில் கூட்டம் நடக்கிறதோ, அந்தக் கூடத்துக்கு வர முடிந்தவர்களின் கேள்விதான் புத்தகமாகிறது. வந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்க, வெள்ளையினப் புறநகர்ப் பெண்கள்.

வாழ்க்கை அவர்களையும் அங்கேயே நிறுத்திவைக்கவில்லை. பெட்டி வாக்னர் 1972 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமைப்பின் செயல் இயக்குநராக இருந்தார். மேரி ஆன் கெர்வின் பிள்ளைகள் வளர்ந்த பிறகு டென்வரில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். பொது இடத்தில் பால் கொடுக்கும் தாய்க்கும், வேலையிடத்தில் பால் எடுத்துவைக்கும் தாய்க்கும் கொலராடோ மாநிலத்தில் சட்டப் பாதுகாப்பு வரப் பாடுபட்டார். 1956-இல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அதே பெண்தான்.

எங்கள் அலமாரி

இதையெல்லாம் படித்த பிறகு அலமாரியில் இருந்த மெய்ப்பை எடுத்துப் பார்த்தேன். தலையங்கத்தில் மூன்று பத்தி. அதை யாருக்காக எழுதினோம் என்று எனக்கே விளங்கவில்லை. கேள்வி-பதில் பகுதியில் மட்டும் ஒரு கேள்வி உயிரோடு இருந்தது. தையல் கம்பெனிக்குப் போகும் பெண் ஒருவர் எங்களில் ஒருவரிடம் நேரில் கேட்டது: எட்டு மணி நேரம் வேலையில் இருக்கிறேன், மதியம் மார்பு கனத்து வலிக்கிறது, சட்டை நனைகிறது, வீட்டுக்கு வந்தால் பிள்ளை மார்பைத் தொடமாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

நாங்கள் நால்வரில் மூவர் மறுபடி கூடினோம். இதழ் வேண்டாம், தாள் போடலாம் என்று முடிவெடுத்தோம். முதல் தாள் அந்தப் பெண்ணின் கேள்விக்குத்தான். பாலைக் கையால் பிழிந்து எடுப்பது எப்படி, சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் எத்தனை மணி நேரம் வைக்கலாம், வீட்டில் இருப்பவர் பாலாடையில் எப்படிப் புகட்டுவது, வேலைக்குக் கிளம்புமுன்னும் திரும்பியதும் முதலில் பிள்ளையை எடுத்துக் கொடுப்பது ஏன் முக்கியம். அதே வேலைக்குப் போய்வந்த இன்னொரு தாயிடம் கேட்டு எழுதினோம். அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார். ஜெராக்ஸ் கடையில் 200 படிகள். கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் கொடுத்தோம்.

இரண்டாவது தாள் பாதியில் நிற்கிறது. எழுதுகிறவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். தாளில் தேதி எதுவும் போடவில்லை.